கடைசித் தெருவின் மணி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். கேட்டவர்களுக்கு நான் எத்தனை பெரிய அசடாக வேலை பார்த்தவன் என்று தெரியாது போலிருக்கிறது. தெரிந்திருந்தால் வேறு ஆளைப் பிடித்திருப்பீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். என் சாமர்த்தியம் எதையும் சொல்லப் போவதில்லை. என்னைவிட நான்கு வயது இளையவர், தினக்கூலியில் வால்வு திறந்தவர், அவரைப் பற்றியும் ஒரு தெருவைப் பற்றியும்தான் சொல்லப்போகிறேன். அவர் பெயரை எழுதினால் பேரன் பேத்திகள்வரை எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து என்னைத் திட்டுவார். அதனால் பெயர் வேண்டாம்.

எண்பதுகளின் கடைசி. பாடி, அம்பத்தூர் என்று கம்பெனிகள் வரிசையாக நிற்கும் அந்தப் பக்கத்தில் ஒரு சிறிய நகராட்சி. நான் குடிநீர்ப் பிரிவில் ஓவர்சியர். எங்களிடம் இருந்தது ஒரே மேல்நிலைத் தொட்டி. அதிலிருந்து இறங்கும் குழாய் முதலில் மேட்டுத் தெருவுக்குப் போகும். அங்கே பழைய விவசாயக் குடும்பங்கள். அப்புறம் நடுவில் இரண்டு தெரு. கடைசியில், ஏரிக்கரையை ஒட்டி, முன்பு அதே குடும்பங்களின் நிலத்தில் கூலி வேலை செய்துவிட்டு இப்போது கம்பெனிகளுக்குப் போகிறவர்களின் தெரு. அதற்குப் பெயர் கிடையாது. அலுவலகக் கோப்பிலேயே 'கடைசித் தெரு' என்றுதான் எழுதியிருந்தோம்.

கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வந்து சேராது. வந்தாலும் ஒன்பது மணிக்கு மேல் நூல் போலச் சொட்டும். அதற்குள் அங்கே இருக்கும் பெண்களில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பார்கள்.

என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டார்கள். நான் படித்தவன் இல்லையா? ஒரு பூஸ்டர் மோட்டார், அதற்கு ஒரு அறை, தனியாக ஒரு குழாய் என்று பெரிய எஸ்டிமேட் போட்டு மேலே அனுப்பினேன். அது மேலே போனது. மேலேயே இருந்தது. நான் வாரத்துக்கு ஒருமுறை அதைப் பற்றி விசாரித்துவிட்டு, என் கடமையைச் செய்துவிட்டதாக நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வால்வுக்காரர், வால்வைத் திருகும் நீளமான சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சார், மோட்டார் இன்னாத்துக்கு சார்? தண்ணி கீது சார். மேட்டுத் தெருவுல மண்ணுக்குப் போவுது."

"எப்படிய்யா மண்ணுக்குப் போகும்?"

"நாம என்னிக்கு எத்தினி மணிக்குத் தொறப்போம்னு யாருக்கும் தெரியாது. டேங்க் ரொம்புனா தொறக்கறேன். ஒரு நாளு நாலு மணி, ஒரு நாளு எட்டு மணி. அதனால எல்லாரும் கொழாய தொறந்து வுட்டுட்டு கொடத்த வெச்சிட்டுப் போயிடறாங்க. தண்ணி வந்தா சத்தம் கேக்குமாம். சத்தம் கேட்டு எய்ந்து வர்றதுக்குள்ள ரோடெல்லாம் ஆறு."

"அதற்கு?"

"டேங்க் ரொம்புனாலும் தொறக்கக் கூடாது சார். காலைல கம்பெனி சங்கு ஊதுது இல்ல, ஆறு மணி சங்கு? அத்த கேட்டுத்தான் தொறக்கணும். ஊருக்கே கேக்கும். யாரும் கொழாய தொறந்து வெச்சினு தூங்க மாட்டாங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உன் வேலை சாவியைத் திருகுவது. அதைப் பார்" என்றேன். இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது. அவர் சாவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் அவர் சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் விடியும் முன்னே சைக்கிளில் போய் மேட்டுத் தெருவில் நின்று பார்த்தேன். வால்வு திறந்து கால் மணி நேரத்துக்குள் தெரு முழுவதும் சேறு. ஆளில்லாத குழாய்கள் ஒவ்வொன்றும் தாராளமாகக் கொட்டிக்கொண்டிருந்தன. நான் ஐந்து வருடமாக ஓவர்சியர். ஐந்து வருடமாகத் தண்ணீர் வரும் நேரத்தில் நான் தெருவில் நின்றதே இல்லை. நான் வேலைக்கு வருவது பத்து மணிக்கு.

அவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அத்த வுடு சார், எப்ப ஆரம்பிக்கலாம்?" என்றார்.

ஆரம்பித்தோம். ஒரு ஆட்டோவில் குழாய் ஒலிபெருக்கி கட்டி, சங்கு ஊதினால் தண்ணீர் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தோம். சங்கு ஊதும், வால்வு திறக்கும், ஜனங்கள் குடத்தோடு குழாயடியில் நிற்பார்கள், பிடித்ததும் மூடிவிடுவார்கள். பத்து நாளைக்குள் கடைசித் தெருவில் ஏழு மணிக்குள் தண்ணீர் வந்தது. முழு வேகத்தில் இல்லை, ஆனாலும் வந்தது. ஒரு திருகாணிகூடப் புதிதாக வாங்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகத்தில் இதை என் யோசனை என்று சிலர் பேசிக்கொண்டபோது நான் மறுக்கவும் இல்லை. இதுவும் உண்மைதான், எழுதிவிடுகிறேன்.

அந்தக் கர்வத்துக்கு உடனே அடி கிடைத்தது. வால்வுக்காரர் ஒரு வெள்ளிக்கிழமை சொந்தக்காரர் கல்யாணத்துக்கு லீவு கேட்டார். மாற்று ஆளாக ஒருவரைப் போட்டு, "சங்கு ஊதினால்தான் திறக்க வேண்டும், அதற்கு முன்னால் தொடக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன். நல்ல மனிதர். சொன்னதை அப்படியே செய்தார்.

அந்தப் பெரிய கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்வதற்காக ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு நாள் விடுமுறை விட்டிருந்த காலம் அது. வெள்ளிக்கிழமைகளில் சங்கே ஊதாது. அதற்கு முன் வந்த வெள்ளியன்று வால்வுக்காரர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறார். என்னிடம் சொல்லத் தோன்றவில்லை. எனக்கோ ஞாயிற்றுக்கிழமையைத் தவிர வேறு விடுமுறை உலகத்தில் உண்டு என்றே ஞாபகமில்லை.

மாற்று ஆள் காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது மணிவரை வால்வு மூடியின்மேல் உட்கார்ந்து சங்குக்காகக் காத்திருந்தார். ஊரும் குடத்தோடு காத்திருந்தது. கேட்டவர்களிடமெல்லாம், "சங்கு வரட்டும்" என்றாராம்.

நான் பத்து மணிக்கு அலுவலகத்துக்குப் போனபோது வாசலில் காலிக் குடங்கள். எல்லோருக்கும் முன்னால் நின்றவர் பாக்கியம். கடைசித் தெருக்காரர், முப்பது வயது இருக்கும். அம்பத்தூரில் ஒரு சிறிய பட்டறையில் பேக்கிங் வேலை. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள்.

"இன்னா சார் நீ? சங்கு சங்குன்னு சொல்லிட்டு எங்கள நடுத்தெருவுல நிக்க வெச்சிட்டியே! ஊட்ல ஒரு சொட்டு தண்ணி இல்லாம புள்ளைங்கள எப்டி உட்டுட்டுப் போவேன்? ரெண்டு வாட்டி லேட்டுன்னு சூப்பர்வைசர் சொல்ட்டாரு. மூணாவது வாட்டி வந்தா உள்ள வராதேன்னு சொல்ட்டாரு. இன்னிக்கி மூணாவது வாட்டி சார்!"

மற்றவர்களும் சத்தம் போட்டார்கள். பாக்கியம் சத்தம் போட்டுவிட்டு அழுதார். அந்த அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில்தான் நாம் எல்லோரும் வழுக்கி விழுவோம். 'விசாரித்து நடவடிக்கை எடுக்கப்படும்' என்று சொல்ல வாய் வந்துவிடும். எனக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும், பாக்கியத்தின் வேலையும் சேர்த்து. எப்படியோ அதை விழுங்கிவிட்டு, "வாங்கம்மா, நான் வந்து சொல்றேன்" என்றேன்.

வால்வை உடனே திறக்கச் சொல்லி ஆளனுப்பிவிட்டு, இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். அவர் முன்னால் நின்றார், நான் பின்னால் நின்றேன். பட்டறை வாசலில் சூப்பர்வைசரிடம், "இந்த அம்மா தாமதமாக வந்ததற்கு நான்தான் காரணம். தண்ணீர் திறக்கச் சொன்னதில் தப்பு செய்துவிட்டேன்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"முனிசிபாலிட்டி ஆளு தப்ப ஒத்துகினு வர்றத இப்பத்தான் பாக்குறேன்" என்று சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டும் காட்டினார். நான் கண்காட்சியில் வைத்த பொருளாக நின்றுகொண்டிருந்தேன். ஆனால் பாக்கியத்தைப் பார்த்து, "போம்மா உள்ள. இன்னொரு வாட்டி ஆச்சுன்னா இவரு இல்ல, கலெக்டரே வந்தாலும் கெடையாது" என்றார்.

பாக்கியம் உள்ளே போக இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நான் பணிவாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

"சார், சங்கு அவன் கம்பெனிது. அவன் ஊதுனா ஊதுவான், ஊதாட்டி போவான். தண்ணி நம்முது. நமக்கு ஒரு மணி மாட்டிக் குடு."

அவ்வளவுதான். போய்விட்டார்.

கல்யாணத்திலிருந்து திரும்பிய வால்வுக்காரரிடம் சொன்னேன். அவர், "ஒரு மணி பத்தாது சார், ரெண்டு மணி ஓணும்" என்றார். அவர் சொன்ன ஏற்பாடு இதுதான். பள்ளிக்கூடங்களில் மணி அடிக்கத் தொங்கவிடுவார்களே, அதுபோலத் தண்டவாளத் துண்டு. ஒன்று வால்வு பக்கத்தில், ஒன்று கடைசித் தெருவில். அவர் திறந்ததும் தன் மணியை அடிப்பார். மேட்டுத் தெருவும் நடுத்தெருக்களும் முதல் சுற்று பிடித்துவிட்டுக் குழாயை மூடிவிட வேண்டும். அப்போதுதான் தண்ணீர் கீழே போய்ச் சேரும். கடைசித் தெருக்காரர்கள் குடங்கள் நிரம்பியதும் தங்கள் மணியை அடிப்பார்கள். அந்த மணி கேட்ட பிறகுதான் மேலே இருப்பவர்கள் இரண்டாவது சுற்று பிடிக்கலாம்.

கவனியுங்கள், இதுவரை கையேந்தி நின்ற தெருவின் கையில் கடைசி உத்தரவைக் கொடுத்துவிட்டார். நான் எத்தனை பரீட்சை எழுதியிருந்தாலும் இது எனக்குத் தோன்றியிருக்காது.

பாடியில் ஒரு பழைய இரும்புக் கடையில் துண்டுகள் கிடைத்தன. நடுத்தெருக்கள் சீக்கிரம் ஒத்துக்கொண்டன. மேட்டுத் தெருவில் முணுமுணுத்தார்கள், ஆனால் வால்வுக்காரர் ஒவ்வொரு வீட்டுப் படியிலும் நின்று பேசினார். கடைசியில் ஒரே ஒரு வீடுதான் பாக்கி. பெரிய வீட்டுக்காரர். அவர் வாசலில் ஆளுயரத்துக்குப் பள்ளம் தோண்டி, வீட்டுக் குழாயை அதற்குள் இறக்கி, மூடாமலே வைத்திருந்தார். தெருவில் எல்லாக் குழாயையும் மூடினாலும் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். கீழே போக வேண்டியதில் ஒரு பங்கு அங்கேயே நின்றுவிடும்.

நான் நோட்டீஸ் கொடுத்தேன். அவர் அதை வாங்கி மடித்து, வெற்றிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டார். "டேங்கு நிக்கிற எடமே எங்கப்பா குடுத்தது. எனக்கே நோட்டீஸா தம்பி?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

ஆனாலும் மணி வேலை செய்தது. காலை ஆறுக்கு முதல் மணி. ஏழேகாலுக்குக் கடைசித் தெரு மணி. பாக்கியம் ஏழரை பஸ்ஸுக்கு ஓடுவார். சில நாள் பஸ் அவரை விட்டுவிட்டுப் போனதும் உண்டு. ஓட்டமும் நடையுமாக அடுத்த நிறுத்தத்தில் பிடித்திருக்கிறார். நடுவில் அந்தப் பெரிய கம்பெனி கதவடைப்பு செய்து, மாதக்கணக்கில் சங்கு ஊதவே இல்லை. எங்கள் ஊருக்கு அது ஒரு செய்தியாகவே இல்லை. அதற்குள் ஜனங்கள் மணியை வைத்துத்தான் பிள்ளைகளை எழுப்பினார்கள், உலை வைத்தார்கள். மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்த ஒரு அதிகாரி, "இது எந்தத் திட்டத்தின் கீழ் வருகிறது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "தண்டவாளத் திட்டம் சார்" என்று வால்வுக்காரர் பின்னாலிருந்து சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

ஒருநாள் காலை. நான் வால்வுப் பக்கத்தில் இருந்தேன். அந்த வழக்கம் எனக்கு அப்போது வந்துவிட்டிருந்தது. முதல் சுற்று முடிந்து மேலே எல்லோரும் மூடிவிட்டார்கள். கடைசித் தெருவில் தண்ணீர் வந்து பத்து நிமிடம்கூட இருக்காது. அதற்குள் அவர்கள் மணி அடித்துவிட்டது.

வால்வுக்காரர் நிமிர்ந்தார். "இன்னா சார், இவ்ளோ சீக்கிரம்?"

குழாய் உடைந்துவிட்டது என்று நினைத்தேன். அல்லது யாரோ விளையாட்டாக அடித்துவிட்டார்கள். "இரு, யாரையும் திறக்க விடாதே" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

தெருவில் குடங்கள் வரிசையாக இருந்தன. பாதிக்கு மேல் காலி. குழாய் மூடியிருந்தது. பாக்கியம் தூக்குவாளியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, மணி அடித்துவிட்டீர்கள்? குடமெல்லாம் காலியாக இருக்கிறதே?"

"பெரிய ஊட்டு கெய்வி செத்துப்போச்சு சார், விடியக்காத்தால. பந்தல் போட எங்க ஆளுங்கதான் போயிகீறாங்க. ஊரு பூரா வரும். அந்தப் பள்ளத்து தண்ணி எம்மாத்தம்? பொணம் குளிப்பாட்டணும், வந்தவங்களுக்கு குடுக்கணும். அதான் எல்லாரும் பேசிகினு அட்ச்சிட்டோம்."

பாக்கியத்தின் அம்மாவும் அப்பாவும் அந்த வீட்டு நிலத்தில் நாற்று நட்டவர்கள். அது எனக்குத் தெரியும்.

"அந்தம்மா உங்களுக்கு வேண்டியவங்களா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"வேண்டியவங்களா?" பாக்கியம் சிரித்தார். "எங்கம்மா தாகத்துக்குத் தண்ணி கேட்டா எட்ட நின்னு கைல ஊத்துன கெய்வி சார் அது. அத்தெல்லாம் மறக்கல. அதுக்காவ சாவு ஊட்ல தண்ணி இல்லாம உடலாமா? நாளைக்கி நமக்கு மொகம் இருக்குமா? நீ போயி தொறக்க சொல்லு சார். எனக்கு பஸ்ஸு வந்துடும்." நாலடி போய்விட்டுத் திரும்பினார். "அவராண்ட போயி இத்த சொல்லிகினு இருக்காத."

அந்தத் தெருவை நான் ஐந்து வருடம் கோப்பில் மட்டும் பார்த்திருந்தேன். மோட்டார் போட்டுத் தண்ணீர் தர வேண்டிய ஏழைகள் என்று எழுதியிருந்தேன். அன்றைக்குச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் இரண்டாவது சுற்றைத் திறக்கச் சொன்னேன். மேட்டுத் தெருவுக்கு அன்று முழு வேகத்தில் தண்ணீர் போனது.

பாக்கியம் சொன்னபடி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வால்வுக்காரரும் திறக்கவில்லை. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றை மறந்துவிட்டோம். மணி ஊருக்கே கேட்கும். இரண்டு வருடமாக அந்த மணியைக் கேட்டுத்தான் பெரிய வீட்டுக்காரரும் எழுந்திருக்கிறார். அன்று அவர் தன் தாயின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோது, அது எத்தனை சீக்கிரம் அடித்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் அடித்தது என்றும் தெரிந்திருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த வாரம் ஒரு காலை. கடைசித் தெரு மணி ஏழு மணிக்கே அடித்தது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுபடியும் எங்கேயோ சாவு என்று நினைத்தேன். வால்வுக்காரர் காதைச் சாய்த்து, குழாய்மேல் கையை வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"சார், பள்ளத்த மூடிட்டாரு சார்."

மேட்டுத் தெருவுக்கு நடந்தோம். பெரிய வீட்டு வாசலில் பள்ளம் இல்லை. மண் கொட்டி, மேலே சிமெண்ட் பூசி, ஈரச் சாக்குப் போட்டிருந்தது. வீட்டுக் குழாயைத் தெருமட்டத்துக்கு ஏற்றியிருந்தார்கள். அவர் மொட்டைத் தலையோடு படியில் உட்கார்ந்திருந்தார். என் நோட்டீஸைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து நின்றார். முதல்முறையாக எனக்காக எழுந்து நின்றார்.

"அங்க எல்லாக் கொடமும் ரொம்பிச்சா?" என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை. மணிச் சத்தத்தை வைத்து ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேங்க" என்றேன்.

கடைசித் தெருவில் பாக்கியம் இல்லை. ஏழரை பஸ் இன்னும் வரவில்லை. அதற்குள் கிளம்பி, ஓடாமல் நடந்தே நிறுத்தத்துக்குப் போயிருந்தார். அவர் வாசலில் ஆறு குடங்கள் இருந்தன. ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். ஆறும் விளிம்புவரை நிரம்பியிருந்தன, மற்ற வாசல்களிலும் அப்படியே. திரும்பிப் போய்ப் பெரிய வீட்டுக்காரரிடம் சொன்னேன்.